பியானோவின் தரம் எங்கே தீர்மானமாகிறது: பட்டறையிலா, நிர்வாக அறையிலா?

கேள்வி இதுதான்: "ஒரு பியானோ நிறுவனம் பெரிய முதலீட்டாளர்களின் கைக்குப் போனால் தரம் விழுந்துவிடும் என்கிறார்கள். அது உண்மையா? பட்டறையில் அதே கைவினைஞர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, மேலே நிர்வாகிகள் மாறுவதால் ஒலியும் வடிவமைப்பும் எப்படி மாறும்?"

பல ஆண்டுகளாகப் பழைய பியானோக்களைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து வருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியானோவின் தரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது நிர்வாகம்தான். ஆனால் "குடும்பத்தின் கையில் இருந்தால் நல்லது, கார்ப்பரேட் வாங்கினால் கெட்டது" என்ற கதையை நான் நம்புவதில்லை. பியானோ உலகில் மிகவும் பேசப்பட்ட ஒரு பெரிய தவறு, குடும்பமே நிர்வாகம் செய்த காலத்தில் தொடங்கியது. சாதாரண வீடுகளுக்குள் நம்பகமான பியானோவைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோ, ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேல் தயாரித்த ஒரு பெரிய நிறுவனம். உரிமையாளர் யார் என்பதைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம். அவர் எத்தனை ஆண்டுகளை மனத்தில் வைத்து முடிவெடுக்கிறார்? சரியில்லாத பியானோவைத் தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

ஆண்டுகளைப் பற்றி முதலில் பேசுவோம். பியானோ மற்றப் பொருட்களிலிருந்து வேறுபடுவது அங்கேதான்.

கம்பிகள் கிடைமட்டமாக ஓடும் பெரிய மேடைப் பியானோவான கச்சேரி கிராண்டில் 88 கட்டைகளுக்கு ஏறக்குறைய 230 கம்பிகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 20 டன் அளவில் இருக்கும். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டகம். கம்பிகள் சுற்றப்பட்டிருக்கும் முறுக்காணிகளைப் பிடித்து வைத்திருப்பது, குறுக்கும் நெடுக்குமாக மர அடுக்குகளை ஒட்டிச் செய்த ஒரு தடித்த பலகை. ஒலியைப் பெருக்குவது, ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் செய்த ஒலிப்பலகை. அதன் நடுப்பகுதி மிக லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். கம்பிகளின் அழுத்தத்தை எதிர்த்து நிற்பது அந்த வளைவுதான். மரம் சரியாக உலராமல் ஒட்டப்பட்டால் அந்த வளைவு மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும், பலகை வெடிக்கும். முறுக்காணிப் பலகையின் துளைகள் சற்றே பெரிதாகிவிட்டால் ஆணிகள் பிடிப்பை இழக்கும். பிறகு எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நிற்காது.

இந்தக் குறைகள் எவையும் பியானோ விற்கும் நாளில் தெரியாது. கடையில் அது நன்றாகவே ஒலிக்கும். ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை வெளிவரும். இதற்குள் அந்த முடிவை எடுத்த நிர்வாகி பதவி உயர்வு பெற்று வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். மரம் உலர்த்தும் காலத்தைக் குறைத்ததால் வந்த சேமிப்பு அவருடைய காலாண்டு அறிக்கையில் பதிவாகியிருக்கும். அதனால் வந்த இழப்பு அவருக்குப் பின் வந்தவரின் தலையில் விழும். பின் வந்தவருக்கும் காரணம் புரியாது. பியானோத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்று நான் நினைக்கிறேன்: பொருளின் ஆயுள் ஐம்பது ஆண்டு, அதைப் பற்றி முடிவெடுப்பவரின் பார்வை மூன்று ஆண்டு.

கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மரக்கிடங்கில் உலர்ந்துகொண்டிருக்கும் மேப்பிளும் ஸ்ப்ரூஸும் கணக்காளருக்கு முடங்கிக் கிடக்கும் பணம். புகழ்பெற்ற அமெரிக்கப் பியானோ நிறுவனமான ஸ்டைன்வேயின் பெரிய கிராண்டுக்கான வெளிச்சட்டத்தை மேப்பிள் மரத்தின் பதினெட்டு அடுக்குகள் வரை ஒன்றாக ஒட்டி, ஒரே வளைவாக வளைத்து, பிறகு பல வாரங்கள் கட்டுப்படுத்தப்பட்ட வெப்பமும் ஈரப்பதமும் உள்ள அறையில் ஓய்வெடுக்க விடுகிறார்கள். அந்த அறையில் வரிசையாக நிற்கும் சட்டங்கள் வேலை எதுவும் செய்யாமல் நிற்பதுபோல் தோன்றும். கையிருப்பைக் குறைக்க வேண்டும் என்று மேலாண்மைக் கல்வி சொல்கிறது. பெரும்பாலான தொழில்களில் அது சரியான அறிவுரை. பியானோவில் மட்டும் அந்தக் காத்திருப்பே உற்பத்தியின் ஒரு படி. மரம் தன் அழுத்தங்களை விடுவித்துக்கொள்வது அந்த வாரங்களில்தான். இதைப் புரிந்துகொண்ட நிர்வாகி கிடங்கைத் தொடமாட்டார். புரியாதவர் முதலில் கைவைப்பதே அங்கேதான்.

அடுத்த பலி, கடைசிக் கட்ட வேலை. பெட்டி, சட்டகம், கம்பி, கம்பியைத் தட்டும் சுத்தியல் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. பார்த்தால் முழுமையான பியானோ. உண்மையில் அது அப்போதுதான் பாதி பியானோ. கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் விடுபட வேண்டும். கட்டை பத்து மில்லிமீட்டர் அளவில் இறங்க வேண்டும். இது 88 கட்டைகளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். புதிய கம்பிகள் நீண்டுகொண்டே இருக்கும் என்பதால், இடைவெளி விட்டுவிட்டுப் பலமுறை சுருதி சேர்க்க வேண்டும். சுத்தியலைப் போர்த்தியிருக்கும் அழுத்திய கம்பளியான ஃபெல்ட்டை ஊசியால் குத்தித் தளர்த்தியோ, அரக்குக் கரைசல் விட்டுக் கடினமாக்கியோ ஒவ்வொரு சுரத்தின் குணத்தையும் அருகில் உள்ளதோடு பொருத்த வேண்டும். இதற்கு மணிக்கணக்கில், சில கருவிகளுக்கு நாள்கணக்கில், மிகத் தேர்ந்த காதுகள் வேண்டும்.

இந்த வேலை வரிசையில் கடைசியாக வருகிறது என்பதுதான் அதன் துரதிர்ஷ்டம். மாத இறுதியில் இத்தனை பியானோக்கள் அனுப்பியாக வேண்டும் என்ற இலக்கு அழுத்தும்போது, முன்னால் நடந்த தாமதங்கள் எல்லாம் இங்கே வந்து குவிகின்றன. "மீதியை டீலர் பார்த்துக்கொள்வார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். டீலரோ தள்ளுபடி கொடுத்து லாபத்தைச் சுருக்கிக்கொண்டவர், அவரும் செய்யமாட்டார். வாங்கியவர் அந்தப் பியானோவின் குணமே அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார். நான் பார்த்த எத்தனையோ "மோசமான" பியானோக்கள் வடிவமைப்பில் மோசமானவை அல்ல. யாரும் முடித்துக்கொடுக்காத பியானோக்கள் அவை. ஒரு நல்ல டெக்னீசியன் இரண்டு நாள் உட்கார்ந்தால் அவை வேறு கருவியாகிவிடும். அந்த இரண்டு நாள் கூலியைச் சேமித்தது யார் என்பதே கேள்வி. அதை நிச்சயமாகப் பட்டறைத் தொழிலாளி முடிவு செய்யவில்லை.

இனி, எல்லோரும் எடுத்துக்காட்டும் ஸ்டைன்வே கதைக்கு வருவோம். 1972-இல் ஸ்டைன்வே குடும்பம் தன் நிறுவனத்தை அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸுக்கு விற்றது. சிபிஎஸ் அதற்கு முன்பே, 1965-இல், ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தை வாங்கியிருந்தது. கிட்டார் சேகரிப்பவர்கள் இன்றும் "சிபிஎஸ்ஸுக்கு முந்தையது" என்று சொல்லி விலை பேசுவார்கள். அதே வழக்கு பியானோவுக்கும் ஒட்டிக்கொண்டது. சிபிஎஸ் காலத்து ஸ்டைன்வே என்றாலே பலர் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புக்கு அவர்கள் சொல்லும் முதல் காரணம் டெஃப்லான், ஒட்டாத சமையல் பாத்திரங்களில் பூசும் அதே வழுக்குப் பிளாஸ்டிக்.

நடந்தது இதுதான். பியானோவின் ஆக்‌ஷனில், அதாவது கட்டையின் அசைவைச் சுத்தியலுக்குக் கடத்தும் பொறியமைப்பில், சிறு உலோக அச்சுகள் மரத்துக்குள் சுழல்கின்றன. அச்சுக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய கம்பளித் துணி இருக்கும். துணி தேயும், ஈரத்தில் இறுகும். அதற்குப் பதிலாக என்றும் தேயாத, எண்ணெய் தேவைப்படாத டெஃப்லான் வளையங்களைப் போடலாம் என்று நியூயார்க் ஸ்டைன்வே 1962-இல் முடிவு செய்தது. காகிதத்தில் அது அருமையான யோசனை. ஆனால் டெஃப்லான் ஈரத்தால் மாறாது, அதைச் சுற்றியிருக்கும் மரம் மாறும். பருவம் மாறும்போது மரம் விரிந்து சுருங்க, வளையத்துக்கும் மரத்துக்கும் இடையே இடைவெளி விழுந்தது. வாசிக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தது. துணியாக இருந்தால் மரத்தோடு சேர்ந்து கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்திருக்கும். 1980-களின் தொடக்கத்தில்தான் நிறுவனம் அதை முழுவதும் கைவிட்டுத் துணிக்குத் திரும்பியது.

ஆண்டைக் கவனியுங்கள். 1962. விற்பனைக்குப் பத்து ஆண்டுகள் முன்பு. அப்போது தலைவராக இருந்தவர் ஹென்றி இசட். ஸ்டைன்வே, நிறுவனரின் கொள்ளுப்பேரன். ஆக, அந்தத் தவறைப் பேராசை பிடித்த கார்ப்பரேட் செய்யவில்லை. தன் பெயரையே தாங்கிய பியானோவை நேசித்த குடும்பம் நல்ல நோக்கத்தில் செய்தது. சிபிஎஸ் செய்தது வேறு: அதைத் தொடர விட்டது.

இதில் எனக்கு மிகவும் படிப்பினை தருவது ஹாம்பர்க். ஸ்டைன்வேக்கு 1880 முதல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இன்னொரு தொழிற்சாலை உண்டு. அதே உரிமையாளர், அதே வடிவமைப்பு, அதே பெயர். அங்கே டெஃப்லான் வளையங்களைப் பயன்படுத்தவில்லை. துணியோடு தொடர்ந்தார்கள். சுத்தியலின் ஃபெல்ட்டைக் கையாள்வதிலும் அவர்களுக்கென்று ஒரு வழி இருந்தது. நியூயார்க்கில் மென்மையான சுத்தியலை அரக்குக் கரைசலால் கடினப்படுத்துவார்கள். ஹாம்பர்க்கில் கடினமாக அழுத்திய சுத்தியலை ஊசியால் தளர்த்துவார்கள். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு பட்டறைக் கலாச்சாரங்கள். ஒரு தொழிற்சாலை தலைமையகத்தின் புதுமைக்கு இணங்காமல் இருக்க முடிந்தது என்பதே நிர்வாகத்தைப் பற்றிய பெரிய செய்தி. உள்ளூரில் "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் இடம் இருந்த தொழிற்சாலை தப்பித்தது.

டெஃப்லான் கதையைக் கேட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கே பாவம் என்று முடிவுகட்டுவதும் தவறு. ஜப்பானின் கவாய் நிறுவனம் ஆக்‌ஷன் பாகங்களில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. பின்னர் அதில் கார்பன் இழையையும் சேர்த்தது. பெரிய தொல்லை எதுவும் இல்லை. வித்தியாசம் எளிமையானது: கவாய் முழுப் பாகத்தையே மாற்றியது. ஈரத்தால் மாறாத பொருளை மாறும் மரத்துக்குள் செருகவில்லை. புதிய பொருளைப் பயன்படுத்தலாமா என்பதோடு, அதைப் பக்கத்தில் இருக்கும் பொருளோடு சேர்த்து எத்தனை பருவங்களுக்குச் சோதித்தோம் என்றும் நிர்வாகம் கேட்டாக வேண்டும்.

சிபிஎஸ் காலத்துக்குத் திரும்பினால், அதன் உண்மையான குறை டெஃப்லானைவிட ஆழமானது. புதிய இயந்திரங்களுக்கு அது பணம் போட்டது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பெரிய குழுமத்தின் மிகச் சிறிய துறையாக ஸ்டைன்வே ஆனது. தலைவர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். எண்ணிக்கையைக் கூட்ட அழுத்தம் இருந்தது. ஒரு பெரிய குழுமத்தில் பியானோ என்பது அறிக்கையின் ஓர் ஓரத்து வரி. அந்த வரியைப் பற்றி யோசிக்க மேலே யாருக்கும் நேரம் இருக்காது. தீமை செய்ய எண்ணம்கூடத் தேவையில்லை, கவனம் இல்லாமல் போனாலே போதும். 1985-இல் சிபிஎஸ் அதை பாஸ்டன் முதலீட்டாளர்களிடம் விற்றது. 1995-இல் செல்மர் இசைக்கருவி நிறுவனத்துடன் இணைந்தது, 1996-இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2013-இல் ஒரு முதலீட்டு நிதியம் சுமார் 51 கோடி டாலருக்கு வாங்கிப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கியது. இத்தனை கைமாற்றத்துக்கு நடுவே சில முடிவுகள் தரத்துக்கு உதவின. கட்டைகள் செய்யும் ஜெர்மன் நிறுவனத்தையும், இரும்புச் சட்டகம் வார்க்கும் அமெரிக்க வார்ப்பாலையையும் 1990-களின் இறுதியில் ஸ்டைன்வே தானே வாங்கிக்கொண்டது. வார்ப்பாலை மூடப்பட்டால் பியானோவே நின்றுபோகும் என்ற நீண்ட காலக் கணக்கு அது. முதலீட்டாளர்களாலும் அப்படி யோசிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

கவனம் இல்லாமல் போவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பால்ட்வின் மிக வேதனையான உதாரணம். அமெரிக்காவின் சின்சினாட்டியில் வளர்ந்த நல்ல பியானோ நிறுவனம். 1960-களில் அது உருவாக்கிய பெரிய கிராண்டுகளை இன்றும் மதிப்போடு பேசுகிறார்கள். ஆனால் அதன் நிர்வாகம் வங்கி, காப்பீடு என்று நிதித்தொழிலுக்குள் போனது. பால்ட்வின்-யுனைடெட் என்ற பெயரில் ஆண்டுத்தொகைத் திட்டங்களை, அதாவது முன்பணம் கட்டியவருக்குப் பின்னாளில் தவணையாகத் தொகை தரும் காப்பீடுகளை, விற்று ராட்சத வேகத்தில் வளர்ந்தது. மொத்த வருவாயில் பியானோவின் பங்கு மிகச் சிறியதாகச் சுருங்கியது. 1983-இல் அந்தக் குழுமம் திவாலானது. அதுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய திவால்களில் அது ஒன்று. பியானோப் பிரிவை அதன் நிர்வாகிகளே வாங்கிக் காப்பாற்றப் பார்த்தார்கள். 2001-இல் மறுபடியும் திவால். பிறகு கிப்சன் கிட்டார் நிறுவனத்தின் கைக்குப் போனது. பியானோ செய்யத் தெரியாமல் அந்த நிறுவனம் வீழவில்லை. பியானோ அதன் நிர்வாகத்துக்கு முக்கியமில்லாமல் போனதால் வீழ்ந்தது.

ஒரே ஆண்டில் பிறந்த மூன்று நிறுவனங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1853-இல் நியூயார்க்கில் ஸ்டைன்வே, பெர்லினில் பெக்ஸ்டைன், லைப்ஸிகில் புளூத்னர். ஸ்டைன்வேயின் கதையைச் சொல்லிவிட்டேன். பெக்ஸ்டைன் இரண்டு உலகப் போர்களால் சிதைந்து, 1963-இல் மேலே சொன்ன அதே பால்ட்வினின் கைக்குப் போனது. 1986-இல் கார்ல் ஷுல்ஸே என்ற பியானோத் தொழில் வல்லுநர் அதை வாங்கினார். பிறகும் நெருக்கடிகள் வந்தன, ஆனாலும் இன்று அது மீண்டும் முதல் வரிசையில் இருக்கிறது. புளூத்னர் கிழக்கு ஜெர்மனியில் சிக்கிக்கொண்டது. 1972-இல் அரசு அதை நாட்டுடைமையாக்கியது. 1990-இல் குடும்பத்திடம் திரும்பியது. அரசு நிர்வாகத்திலும் அதன் அடிப்படை வடிவமைப்பு, மேல் சுரங்களுக்கு நான்காவதாக ஒரு கம்பியைச் சேர்க்கும் 1873-ஆம் ஆண்டு ஏற்பாடு உட்பட, காப்பாற்றப்பட்டது. அரசுடைமையின் வேடிக்கையான நன்மை அது: எதையும் மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை. தீமையும் அங்கேயே இருக்கிறது. நல்ல ஃபெல்ட், நல்ல கம்பி, புதிய இயந்திரம் எதற்கும் வெளிநாட்டுப் பணம் கிடைக்காது. செக்கோஸ்லோவாகியாவில் 1948-இல் நாட்டுடைமையான பெட்ரோஃப் நிறுவனத்தின் நிலையும் இதுவே. வடிவமைப்பு உறைந்து நின்றது, குடும்பம் திரும்பிய பிறகு மெல்ல உருகத் தொடங்கியது.

வடிவமைப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். கம்பிகளின் நீளம், பருமன், இழுவிசை, அவை ஒலிப்பலகையைத் தொடும் இடம் ஆகியவற்றை ஒரு பொறியாளர் வரைகிறார். ஆனால் என்ன அளவுப் பியானோவை, யாருக்காக, என்ன செலவில் வரைய வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. ஸ்டைன்வேயின் முதல் தலைமுறைகளில் இரு பக்கமும் ஒரே குடும்பத்தில் இருந்தன. கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே ஓடவிடும் கிராண்ட் அமைப்புக்கு நிறுவனரின் மகன் இளைய ஹென்றி 1859-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அவருடைய சகோதரர் தியடோர் ஒலியியலை ஆராய்ந்து காப்புரிமைகளைக் குவித்தார். வணிகத்தைக் கவனித்த இன்னொரு சகோதரர் வில்லியம் கச்சேரி அரங்கம் கட்டினார். 1872-இல் ரஷ்யப் பியானோ கலைஞர் அன்டன் ரூபின்ஸ்டைனை அமெரிக்காவுக்கு வரவழைத்து 200-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடத்தவைத்தார். பெரிய அரங்கம்தான் எங்கள் சந்தை என்று வணிகம் முடிவு செய்ததால்தான், அந்த அரங்கத்தை நிரப்பும் கருவியைப் பட்டறை தேடியது. இன்றைய கச்சேரி கிராண்டின் அடிப்படை அங்கே உருவானது. நிர்வாகம் வடிவமைப்பை நல்ல திசையில் தள்ளியதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

எதிர்த்திசையில், லண்டனின் பிராட்வுட். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகின் மிகப் பெரிய பியானோ நிறுவனங்களில் ஒன்று. அமெரிக்காவில் சிக்கரிங் நிறுவனம் 1843-இல் கிராண்டுக்கு ஒரே வார்ப்பான இரும்புச் சட்டகத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகும், குறுக்குக் கம்பி அமைப்பு உலகமெங்கும் பரவிய பிறகும், பிராட்வுட் தன் நேர்க்கம்பி மரபை விட்டுக்கொடுக்கப் பல பத்தாண்டுகள் தயங்கியது. குடும்பத்துக்குப் பணமும் புகழும் இருந்தன, அவசரம் இல்லை. தரமான வேலைப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் சிறந்த கைவினை, காலம் கடந்த வடிவமைப்பைக் காப்பாற்றவில்லை. மாறக் கூடாத இடத்தில் மாற்றுவது ஒரு தவறு என்றால், மாற வேண்டிய இடத்தில் நிற்பது அதே அளவு தவறு. இரண்டையும் குடும்பங்களே செய்திருக்கின்றன.

1930-களின் ஸ்பினெட் என்ற தாழ்வான சிறு பியானோ, நிர்வாகம் வடிவமைப்பை நேரடியாக எழுதியதற்கு உதாரணம். அமெரிக்காவில் 1909-இல் ஏறக்குறைய 3,64,000 பியானோக்கள் உற்பத்தியாயின. பிறகு வானொலி வந்தது, பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, சந்தை சரிந்தது. சிறிய வீட்டில் அழகாக நிற்கும், விலை குறைந்த, தாழ்வான பியானோ வேண்டும் என்று விற்பனைத் துறை கேட்டது. உயரத்தை ஒரு மீட்டருக்கும் கீழே கொண்டுவர, ஆக்‌ஷனைக் கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே இறக்கி, கம்பித் தண்டுகளால் இழுக்கும்படி செய்தார்கள். தொடுதல் உணர்வு மங்கியது. கீழ்ச் சுரங்களுக்குக் கம்பி குட்டையாகவும் தடிமனாகவும் ஆனது. அப்படிப்பட்ட கம்பியின் மேலோசைகள் ஒழுங்காகப் பொருந்தாது, ஒலி கலங்கித் தெரியும். பழுதுபார்க்க ஆக்‌ஷனை வெளியே எடுப்பதே ஒரு போராட்டம். அதனால் பலரும் பழுதே பார்க்காமல் விட்டார்கள். ஸ்பினெட் பல தொழிற்சாலைகளைப் பெருமந்தத்தில் உயிரோடு வைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பியானோ கற்க வந்த எத்தனையோ குழந்தைகளின் முதல் அனுபவம் அந்தக் கலங்கிய ஒலியாகிவிட்டது. அவர்களுக்குப் பியானோ என்றால் அதுதான். எனக்கு மனம் பொறுக்காத இடம் இது.

வடிவமைப்பு பல பத்தாண்டுகள் மாறாமல் நிற்பதற்கும் ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. கம்பிகளின் அமைப்பை மாற்றினால் இரும்புச் சட்டகத்தின் வார்ப்பு அச்சை மாற்ற வேண்டும், ஒலிப்பலகையை, பெட்டியை, கம்பிகளை எல்லாம் மாற்ற வேண்டும். செலவு பெரிது, விற்பனை நிச்சயமில்லை. அதனால் 1880-களின் வடிவங்கள் இன்றும் ஓடுகின்றன. பழைமையைப் போற்றும் விளம்பரமும் அந்தச் செலவைத் தவிர்க்க வசதியாக இருக்கிறது.

இப்போது யமஹா. 1887-இல் ஆர்மோனியம் போன்ற ரீட் ஆர்கனில் தொடங்கி, 1900-இல் முதல் அப்ரைட் பியானோவை, அதாவது கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வீட்டுப் பியானோவை, செய்த ஜப்பானிய நிறுவனம். 1950-இல் தலைவரான கெனிச்சி கவகாமி இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தார். ஒருபுறம் மரம் உலர்த்துதல், வார்ப்பு, பொருத்துதல் எல்லாவற்றையும் அளந்து, ஒவ்வொரு பியானோவும் அடுத்ததுபோல் இருக்கும்படி செய்தார்கள். மறுபுறம் 1954-இல் இசைப் பள்ளிகளைத் தொடங்கி, பியானோ வாசிக்கும் மக்களையே உருவாக்கினார்கள். பெரும் எண்ணிக்கையில் தயாரித்தால் தரம் குறையும் என்ற நம்பிக்கையை அந்த நிறுவனம் உடைத்தது. ஒரு யமஹா யு1 அப்ரைட்டைத் திறந்தால் எனக்கு எதிர்பாராத எதுவும் உள்ளே இருக்காது. அதுவே அதன் பெரிய குணம். யமஹாக்கள் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, தனித்தன்மை குறைவு என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஓர் இசைப் பள்ளிக்கு நாற்பது பியானோ வாங்குபவரிடம் போய்த் தனித்தன்மையைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

அதே யமஹாவின் நிர்வாக முதிர்ச்சிக்கு இன்னொரு சான்று வியன்னாவின் போசெண்டார்ஃபர். 1828-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1966-இல் அமெரிக்காவின் கிம்பல் நிறுவனத்திடம் போனது, பிறகு ஓர் ஆஸ்திரிய வங்கியிடம், 2008-இல் யமஹாவிடம். அப்போது பலர் அஞ்சினார்கள். ஆனால் உற்பத்தி ஆஸ்திரியாவிலேயே தொடர்ந்தது, ஸ்ப்ரூஸ் மரத்தையே ஒலிக்கும் பெட்டியாக்கும் அதன் தனி வடிவமைப்பும் நின்றது. வாங்கியவர் வாங்கிய பொருளின் குணத்தைப் புரிந்துகொண்டால் கைமாற்றம் அழிவல்ல.

மறுமுனையில், உரிமையாளரே வடிவமைப்பாளராக இருந்தால் என்ன நடக்கும் என்பதை இத்தாலியின் பாவ்லோ ஃபாத்சியோலி காட்டுகிறார். பொறியியலும் பியானோவும் படித்தவர், மரச்சாமான் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்தவர். 1981-இல் சசிலேயில் தொடங்கிய நிறுவனம் இன்றும் ஆண்டுக்குச் சில நூறு பியானோக்களைக்கூட எட்டுவதில்லை. வேண்டுமென்றே. எண்ணிக்கையைக் கூட்டாமல் இருப்பதும் ஒரு நிர்வாக முடிவு. டாலின் நகரின் எஸ்டோனியா நிறுவனத்தை, சோவியத் காலத்துக்குப் பின் இந்திரெக் லாவுல் என்ற பியானோ கலைஞர் வாங்கினார். தான் மேடையில் வாசிக்கும் கருவியைத் தானே தயாரிப்பவருக்குக் குறை வந்தால் எட்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும், எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பியானோக்கள் அடுத்தடுத்து மேம்பட்டதை நானே கையால் தொட்டு உணர்ந்திருக்கிறேன். இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. நிறுவனர் ஓய்வு பெற்ற பிறகு என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது.

பெயர் வணிகத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. சிக்கரிங், நேப், மேசன் அண்ட் ஹாம்லின் போன்ற பெயர்கள் இணைப்புகள் வழியாக ஒரே குழுமத்துக்குள் போய்ச் சேர்ந்தன. தனித்தனி வடிவமைப்புகளாக இருந்தவை ஒரே கூரையின்கீழ் வெறும் பெயர்ப்பலகைகளாகச் சுருங்கின. அந்தக் குழுமம் 1985-இல் மூடியது. மேசன் அண்ட் ஹாம்லின் மட்டும் 1996-இல் இரண்டு சகோதரர்களின் கைக்கு வந்து, பழைய வடிவமைப்பின் மேல் உண்மையான ஆராய்ச்சியோடு மறுபிறவி எடுத்தது. மற்றப் பல பழைய பெயர்கள் இன்று எந்தத் தொழிற்சாலையோடும் தொடர்பில்லாத பியானோக்களின் மேல் ஒட்டப்படுகின்றன. பெயரை வாங்கலாம், அதன் பின்னால் இருந்த மரக்கிடங்கையும் காதுகளையும் வாங்க முடியாது.

நீங்கள் ஒரு பியானோவை வாங்கப் போகிறீர்கள் என்றால், நிறுவனத்தின் வரலாற்றைப் படிப்பதைவிடக் கடையில் சில கேள்விகள் கேளுங்கள். தொழிற்சாலையில் எத்தனை முறை சுருதி சேர்க்கப்பட்டது? கடைக்கு வந்த பிறகு யார், எத்தனை மணி நேரம் அதைச் சரிசெய்தார்கள்? வீட்டுக்கு வந்த பின் முதல் ஆண்டில் அந்தச் சேவை தொடருமா? விற்பவர் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னால், அந்த நிறுவனத்தின் நிர்வாகம் கடைசி மணி நேரங்களுக்குச் செலவு செய்கிறது என்று நம்பலாம். பிறகு மென்மையாக, மிக மென்மையாக வாசித்துப் பாருங்கள். பலமாக வாசித்தால் எல்லாப் பியானோவும் நன்றாகத்தான் கேட்கும். முடித்துக்கொடுக்காத பியானோ மென்மையான சுரங்களில்தான் மாட்டிக்கொள்ளும்.

கைமாறிய நிறுவனத்தின் பியானோவை மதிப்பிடுவதாக இருந்தால் இன்னொரு விஷயம். விற்பனை நடந்த ஆண்டில் வெளிவரும் பியானோக்களைப் பார்த்து "ஒன்றும் மாறவில்லை" என்றோ "கெட்டுவிட்டது" என்றோ சொல்லாதீர்கள். அவற்றின் மரம் பழைய நிர்வாகம் வாங்கி உலர்த்தியது, சட்டகங்கள் பழைய நிர்வாகம் வார்த்தது. புதிய நிர்வாகம் வாங்கிய மரம் பியானோவாகி வெளியே வரச் சில ஆண்டுகள் ஆகும். பயன்படுத்திய கருவி வாங்கும்போது நான் உற்பத்தி ஆண்டைக் கேட்பதும் அதனால்தான். கைமாறிய ஆண்டோடு மூன்றையோ ஐந்தையோ கூட்டிக்கொண்டு, அந்தக் காலத்துக் கருவிகளின் முறுக்காணிகளையும் ஒலிப்பலகையின் வளைவையும் முதலில் சோதிக்கிறேன்.